பக்கவாதத்துக்குப் பிறகு பாதம் தரையில் உரசுகிறது, மின்தூண்டல் கருவி வாங்கலாமா?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது, நடக்கிறார், ஆனால் வலது பாதம் மேலே எழும்பாமல் தரையில் உரசுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவுக்கும் இதே கதைதான். இரண்டு வருடமாகக் கருவி கட்டிக்கொண்டு நடக்கிறார். வாங்கலாம், ஆனால் அம்மா காலில் ஒருமுறை வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

'மசில் ஸ்டிமுலேட்டர்' என்ற பெயரில் பலதும் விற்கிறார்கள். வலிக்கு வைக்கும் டென்ஸ் வேறு. உட்கார்ந்தபடி பாதங்களை வைக்கும் தட்டு வேறு. நாங்கள் முதலில் அதைத்தான் வாங்கி ஏமாந்தோம். கால் நன்றாகக் குறுகுறுத்தது, நடை அப்படியே இருந்தது.

உங்களுக்கு வேண்டியது அடி எடுத்து வைக்கும்போது மட்டும் வேலை செய்யும் கருவி. லிபர்சன் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 1961-இல் வெளியிட்ட யோசனை இது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அதன் கீழே, பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குப் போகும் பெரோனியல் நரம்பு தோலை ஒட்டியே வளைந்து போகிறது. அங்கே கரண்ட் கொடுக்கும் ஒட்டு பேட் ஒன்று, முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் இன்னொன்று. குதிகால் தரையை விட்டதும் செருப்புக்குள் இருக்கும் சுவிட்ச் கரண்ட் பாயவிடும், பாதம் தூக்கும். குதிகால் ஊன்றியதும் நின்றுவிடும். சில கருவிகளில் சுவிட்சுக்குப் பதில் காலின் சாய்வை அறியும் சென்சார்.

இதில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. தண்டுவடத்திலிருந்து தசை வரை வரும் நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். பக்கவாதத்தில் மூளையில்தான் அடி விழுகிறது, கீழே உள்ள நரம்பு பிழைத்திருக்கிறது, அதனால் பலன் கிடைக்கிறது. போலியோவிலோ, அந்த நரம்பே அறுபட்டுப்போன காலிலோ எவ்வளவு கரண்ட் ஏற்றினாலும் பாதம் தூக்காது. கெண்டைக்கால் இறுகி கணுக்கால் மடங்காமல் இருந்தாலும் சிக்கல்தான், முதலில் அதைத் தளர்த்த வேண்டும்.

பேட் ஒட்டும் இடம் பிடிபட எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. ஒரு விரல் தள்ளிப் போனாலே பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பிவிடும். அப்பா பேனாவால் காலில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டார், குளித்தால் அழிந்துவிடும், மறுபடி வட்டம். அப்புறம் பேட்டின் ஜெல் காய்ந்தால் தோல் சுரீர் என்று எரியும். மாற்று பேட் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தானாக நடப்பதைவிடக் கரண்டில் தசை சீக்கிரம் களைக்கும். முதல் வாரம் பத்துப் பத்து நிமிடம் போதும்.

கழற்றினால்? அப்பாவுக்குப் பாதம் பழையபடிதான் தொங்குகிறது. சிலருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தங்குகிறது, அதை நம்பி வாங்க வேண்டாம். கணுக்காலில் மாட்டும் பிளாஸ்டிக் ஸ்பிளின்டும் நடை வேகத்தில் இதற்கு ஏறக்குறைய சமம்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன, விலையும் குறைவு. அப்பாவுக்கு அதில் கணுக்கால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறதாம், அதனால் இது. வெளியூர் போகும்போது மட்டும் ஸ்பிளின்ட்.

அம்மாவுக்குப் பேஸ்மேக்கர், வலிப்பு, காலில் ரத்தக்கட்டு, பேட் ஒட்டும் இடத்தில் புண், இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இல்லையென்றால் கருவி வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்டிடம் போய் அரைமணி நேரம் நடக்க வைத்துப் பாருங்கள். பாதம் தூக்குகிறதா, அந்தக் குறுகுறுப்பை அம்மா தாங்குகிறாரா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.