சட்டத்துல பிஎச்டி பண்றவங்க கேட்டதும் என் பதில்களும்

சட்டத்துல பிஎச்டி சேர்ந்தவங்க, சேரப்போறவங்க கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதுக்கு நிறைய வந்திருச்சு. ஒரே மாதிரி இருந்ததை சேர்த்து, ஸ்காலர்ஸை பல வருஷமா கைட் பண்ற அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன்.

மதுரையில இருந்து ஒரு பொண்ணு: மேடம், என் தலைப்பு "குடும்ப வன்முறைச் சட்டம் – ஒரு ஆய்வு". டிசி (டாக்டரல் கமிட்டி, ஆய்வை மேற்பார்க்கற குழு) மீட்டிங்ல ரொம்ப பெருசா இருக்கு, குறைச்சுட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. எங்க இருந்து குறைக்கறது?

டிசி சொன்னது சரிதான்மா. தலைப்பு "ஒரு ஆய்வு"ன்னு முடிஞ்சா உள்ள கேள்வியே இல்லைன்னு எனக்கு சந்தேகம் வந்துரும். 2005 சட்டத்தை கையில எடுங்க, 12வது பிரிவு, 5வது உட்பிரிவு. முதல் ஹியரிங் தேதியில இருந்து 60 நாளுக்குள்ள மனுவை முடிக்க மாஜிஸ்ட்ரேட் முயற்சி பண்ணணும்னு இருக்கும். உங்க மாவட்டத்துல அது நடக்குதா, நடக்கலைன்னா கேஸ் எந்த இடத்துல நின்னுபோகுது? இதுக்கு ஒரு ஆள் ரெண்டு மூணு வருஷத்துல பதில் கண்டுபிடிச்சிரலாம்.

கோர்ட் கேஸ் விவரம் தர்ற ஈகோர்ட்ஸ் சைட்ல ஒரு கேஸ் நம்பர் போட்டுப் பாருங்க, கீழ ஒரு டேபிள் வரும், எந்தத் தேதி கூப்பிட்டாங்க, அடுத்த வாய்தா எப்போ, எதுக்காக போட்டாங்கன்னு வரிசையா இருக்கும். நோட்டீஸ் போய் சேராம எத்தனை வாய்தா போச்சு, கவுன்ட்டருக்கு (எதிர்தரப்போட பதில் மனு) எத்தனை போச்சுன்னு அதுலயே எண்ணிரலாம். இங்கதான் பல பேர் சறுக்கறாங்க, ஃபைலிங் தேதியில இருந்து 60 நாள் எண்ண ஆரம்பிச்சிருவாங்க, சட்டம் சொல்றது முதல் ஹியரிங்ல இருந்து. அந்த முதல் ஹியரிங்கே மனு வந்த 3 நாளுக்குள்ள சாதாரணமா வந்திரணும்னு 4வது உட்பிரிவு சொல்லுது, அதனால ஃபைலிங்குக்கும் முதல் ஹியரிங்குக்கும் நடுவுல உள்ள கேப் தனியா ஒரு ஃபைண்டிங். இன்னொண்ணு, "டிஸ்போஸ்டு"ன்னு இருந்தா ஆர்டர் கிடைச்சிருச்சுன்னு நினைச்சிராதீங்க. வாபஸ் வாங்கினது, சமாதானம் ஆனது, ஆஜராகாம தள்ளுபடி ஆனது எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. எல்லாத்தையும் ஒண்ணா போட்டு சராசரி எடுத்தா கோர்ட் பறக்கற மாதிரி தெரியும்.

முதல்ல ஒரு 50 கேஸ் மட்டும் பாத்துட்டு டிசிக்கு போங்க. பேர் எதுவும் தீசிஸ்ல வரக்கூடாது, சைட்ல தெரிஞ்சாலும் சரி.

சேலம் தம்பி: எல்எல்எம்ல டாக்ட்ரினல் (சட்டம், தீர்ப்பு படிச்சு பண்ற ஆய்வு) மட்டும்தான் பண்ணேன், புள்ளிவிவரம்னாலே பயம். எம்பிரிகல் (தரவு சேகரிச்சு பண்ற) சாப்டர் இல்லாம விடமாட்டாங்களா மேடம்?

கட்டாயம் எல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. ஒப்புக்கு நூறு பேர்கிட்ட "இந்தச் சட்டம் தெரியுமா"ன்னு கொஸ்டினேர் கொடுத்து பை சார்ட் போடறாங்களே, அதுக்கு போடாமலே இருக்கலாம். ஆனா டாக்ட்ரினலுக்கும் மெத்தட் உண்டு. எந்தக் கோர்ட், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், என்ன வார்த்தை போட்டு தேடினீங்க, எத்தனை தீர்ப்பு வந்துச்சு, எதை ஏன் ஒதுக்கினீங்க, இதெல்லாம் எழுதணும். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு இ-எஸ்சிஆர் 2023ல இருந்து இலவசமா இருக்கு. உங்க தலைப்புல ஏற்கனவே யாராவது பண்ணியிருக்காங்களான்னு ஷோத்கங்கால (பிஎச்டி தீசிஸ் எல்லாம் இருக்கற இணையக் களஞ்சியம்) தேடிட்டு ஆரம்பிங்க. அரசாங்கத்துகிட்ட இருக்கற எண்ணிக்கை வேணும்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல பதில் வரணும், வராதுன்னு வச்சுக்கிட்டு முதல் வருஷத்துலயே போட்டுருங்க.

திருநெல்வேலி: தீசிஸை சாஃப்ட்வேர்ல ஓட்டினா சிமிலாரிட்டி (மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது) 34 சதவீதம் காட்டுது, பாதி தீர்ப்பு கொட்டேஷன்தான். என்ன பண்ண?

யூஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ரெகுலேஷன்படி 10 வரைக்கும் பிரச்சனை இல்ல, 10ல இருந்து 40 வரைக்கும்னா 6 மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும், 40ல இருந்து 60னா ஒரு வருஷம் சப்மிட் பண்ண முடியாது, அதுக்கு மேலன்னா ரிஜிஸ்ட்ரேஷனே கேன்சல். முறையா ஆதாரம் சொல்லி மேற்கோள் காட்டினது கணக்குல வராது. அதனால முதல்ல கொட்டேஷன் குறி விட்டுப்போன இடத்தை சரி பண்ணி மறுபடி ஓட்டுங்க. ஆனா நாலு பக்கத்துக்கு தீர்ப்பை அப்படியே ஒட்டினா சாஃப்ட்வேர் விட்டாலும் எக்ஸாமினர் விடமாட்டார். ஹெட்நோட்டை (தீர்ப்புக்கு மேல வர்ற சுருக்கம்) காப்பி பண்ணாதீங்க, அது ரிப்போர்ட்டர் எடிட்டர் எழுதினது, ஜட்ஜ் சொன்னதா அதை போட்டு வைவால (வாய்மொழித் தேர்வு) மாட்டிக்கிட்டவங்க உண்டு.

கோயம்புத்தூர்: ஐபிசி 498ஏ (கணவர், அவர் வீட்டார் பண்ற கொடுமை) பத்தி பாதிக்கு மேல எழுதிட்டேன், ஐபிசிக்கு பதிலா பிஎன்எஸ்னு புது சட்டம் வந்துருச்சு. எல்லாம் வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. 498ஏ இப்போ பிஎன்எஸ் 85, கொடுமைன்னா என்னங்கற விளக்கம் 86. வாசகம் பெருசா மாறல, பழைய தீர்ப்புகளை விட்டுட்டு 85ஐ படிக்கவே முடியாது. 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்கு ஐபிசிதான், அந்த கேஸ் எல்லாம் இன்னும் பல வருஷம் ஓடும். பிரிவு எண் டேபிளை பின்னிணைப்புல போடுங்க, அதை ஒரு சாப்டரா ஆக்கிராதீங்க.

நிறைய பேர் கேட்டது: பேப்பர் போட்டே ஆகணுமா? கான்ஃபரன்ஸ்க்கு எப்படி ரெடி ஆகறது?

2016 ரெகுலேஷன்ல ஒரு ஜர்னல் பேப்பர், ரெண்டு கான்ஃபரன்ஸ் கட்டாயமா இருந்துச்சு, 2022ல யூஜிசி அதை எடுத்திருச்சு. ஆனா உங்க யூனிவர்சிட்டி தனியா வச்சிருக்கலாம், ஆர்டினன்ஸை (யூனிவர்சிட்டியோட விதிகள்) எழுத்துல பாருங்க, சீனியர் சொன்னார்னு நம்பாதீங்க. யூஜிசி ஏத்துக்கிட்ட ஜர்னல்களோட பட்டியலான கேர் லிஸ்ட்டையும் 2025ல நிறுத்திட்டாங்க, அதனால ஜர்னல் நல்லதான்னு நீங்களும் கைடும்தான் பாக்கணும். பணம் கட்டினா ரெண்டு நாள்ல அக்செப்டன்ஸும் இ-சர்டிஃபிகேட்டும் வர்ற இடத்துக்கு பக்கமே போகாதீங்க.

கான்ஃபரன்ஸ்ல உங்களுக்கு கிடைக்கறது 15 நிமிஷம், அதுல மொத்த தீசிஸையும் கொட்டாதீங்க. மதுரை பொண்ணா இருந்தா அந்த வாய்தா டேபிள் ஒண்ணு போதும், முதல் ரெண்டு நிமிஷத்துலயே "இத்தனை கேஸ் பாத்தேன், நோட்டீஸ்லதான் நிக்குது"ன்னு சொல்லிரணும். நம்ம ஆளுங்க "வேத காலத்துல பெண்கள் நிலை"ன்னு ஆரம்பிச்சு 2005க்கு வர்றதுக்குள்ள சேர்பெர்சன் மணி அடிச்சிருவாங்க. ஸ்லைடுல முழு பிரிவையும் ஒட்டாதீங்க, முக்கியமான ஒரு வரி போதும். முன்னாடியே சட்டம் படிக்காத ஃப்ரெண்ட் ஒருத்தர்கிட்ட பேசிக் காட்டுங்க, அவருக்கு புரியலைன்னா அங்கயும் புரியாது. தெரியாத கேள்வி வந்தா "அதை நான் பாக்கல, என் டேட்டாவுல இதுவரைக்கும்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு கேள்வியை குறிச்சுக்கோங்க, எப்படியும் வைவால அதே கேள்வி திரும்ப வரும்.

பேர் வேண்டாம்னு ஒருத்தர்: என் கைடு அடுத்த வருஷம் ரிட்டயர். நான் என்ன ஆவேன்?

பதறாதீங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு 3 வருஷத்துக்கும் கம்மியா சர்வீஸ் இருக்கறவங்க புது ஸ்காலரை எடுக்கத்தான் கூடாது. ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆனவங்களுக்கு ரிட்டயர் ஆகற வரைக்கும் கைடா இருக்கலாம், அப்புறம் 70 வயசு வரைக்கும் கோ-கைடா இருக்கலாம். மெயின் கைடா யார் வர்றாங்கன்னு இப்பவே டிபார்ட்மென்ட்ல எழுதிக் கொடுத்து வாங்கிருங்க, அவர் ஃபேர்வெல் முடிஞ்சப்புறம் அலையாதீங்க.