நன்றாக விமானம் ஓட்டுபவரும் புதுப் பயிற்றுநராகும்போது திணறுவது ஏன்?

முதலில் இருக்கை மாறுகிறது. இடப்பக்கம் உட்கார்ந்து, வலக்கையில் த்ராட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) பிடித்துப் பழகியவர் வலப்பக்கம் போகிறார்; கைகளின் வேலை தலைகீழாகிறது, ஓடுபாதையும் வேறு கோணத்தில் தெரிகிறது. இது சீக்கிரம் பழகிவிடும்.

உண்மையான சோதனை தரையிறங்கும் கடைசி நொடிகளில்தான். புது மாணவர் விமானத்தின் மூக்குக்கு முன்னால் ஓடும் தரையையே பார்ப்பார். உயரம் பிடிபடாது, மூக்கை முன்கூட்டியே தூக்குவார், விமானம் வேகமிழந்து தொப்பென்று விழும். “ஓடுபாதையின் மறுகோடியைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, பயிற்றுநர் கையைக் கட்டுப்பாட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கட்டுப்பாட்டை மாணவரிடமிருந்து வாங்கினால் மாணவருக்குக் கைவராது, தாமதித்தால் ஆபத்து. 1917-இல் பிரிட்டனின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பேரி என்ற விமானி, மாணவரும் பயிற்றுநரும் இருவருமே ஓட்டக்கூடிய இரட்டைக் கட்டுப்பாட்டோடு பயிற்சியைச் சீரமைத்த காலத்திலிருந்தே பயிற்றுநருக்கு இந்தச் சிக்கல் உண்டு. எப்போது வாங்குவது என்ற கணிப்பு, பல மாணவர்களுடன் பறந்த பிறகே வரும்.