வெயில் எனக்குப் புதிதல்ல – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் தாய்லாந்தில் அந்த நாட்டுக் குத்துச்சண்டையான முவாய் தாய் பயின்ற நாட்களைப் பற்றி முன்பு எழுதியதை வாசித்துத்தான் எனக்கும் அந்த ஆசை வந்தது. வயது 34. கணினி வேலை. இரண்டு வருடமாக மாலை நேரத்தில் கிக் பாக்ஸிங் போகிறேன். வரும் ஏப்ரலில் மூன்று வாரம் விடுப்பு கிடைக்கிறது. வடக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு முகாமில் தங்கி, தினமும் இரண்டு வேளை, வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி எடுக்கத் திட்டம். கடைசி வாரத்தில் ஒரு சண்டையும் போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். நண்பர்கள் வெயிலைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது என்ன பெரிய விஷயமா? இன்னொன்று, கையுறையை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகவா?

செ.

அன்புள்ள செ.,

நீங்கள் பயிலும் ஜிம்மில் ஏசி உண்டா? உண்டு என்றே ஊகிக்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இருக்கும் தைரியம் ஏசி அறையில் விளைகிற தைரியம். கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டுதான் அங்கே போய் இறங்கினேன், வெயில் எனக்குப் புதிதா என்று.

மூன்றாம் நாள் சாயங்காலம். தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்த கொட்டகை, மூலையில் ஒரு பெரிய மின்விசிறி சூடான காற்றையே திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தது. என் உதைகளை வாங்க பேட் (கையில் மாட்டும் மெத்தை) பிடித்தவர் ஐம்பதைத் தாண்டிய முன்னாள் வீரர். மூன்றாவது ரவுண்டில் எனக்குக் கையெல்லாம் புல்லரித்தது. அந்த உஷ்ணத்தில் குளிர் எடுத்தது! நான் அதை உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன பக்கம் உதைக்காமல் எதிர்ப் பக்கம் உதைத்தேன், இரண்டு முறை. அவர் பேட்களைக் கீழே போட்டார், என் பிடரியைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஐஸ் பெட்டியில் உருகிக் கிடந்த நீரை அப்படியே தலையில் கவிழ்த்தார். 'பாக்' என்றார். ஓய்வெடு என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து, 'ஜாய் யென் யென்'. ஜாய் என்றால் மனம், யென் என்றால் குளிர்ச்சி. பதறாதே, அவசரப்படாதே என்பதற்கு அவர்கள் சொல்வது அது. அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் பயிற்சிக்கே போகவில்லை, போக முடியவில்லை.

அப்படி என்ன நடந்தது என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். வெயிலில் வாழ்வது வேறு, வெயிலில் உடம்பை முறுக்குவது வேறு. நாம் செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை, ஆனால் வியர்வை ஆவியானால்தான் குளிரும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். தரையில் குளமாகத் தேங்கும் வியர்வையைப் பார்த்து இன்று நல்ல உழைப்பு என்று நாம் பெருமைப்படுகிறோம். உண்மையில் அந்தச் சொட்டுகள் உடம்பைக் குளிர்விக்காமலே போன தண்ணீர்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், அதற்குக் கணக்கு உண்டு. முதல் மூன்று நான்கு நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு இதயம் முன்னைவிட நிதானமாகத் துடிக்கத் தொடங்கும். அடுத்து வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும், அதில் போகும் உப்பின் அளவு குறையும். பெரும்பாலான மாற்றங்கள் முடிய 7 முதல் 14 நாள் ஆகும், அதுவும் தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சூட்டில் உடல் உழைப்பு இருந்தால்தான். விட்டுவிட்டால் சில வாரங்களில் வந்தது போய்விடும். ஆகவே பிறந்த ஊரின் வெயில் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். நீங்கள் அதைச் செலவழித்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

உங்கள் மூன்று வாரத்தில் பாதி இதற்கே போகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். இனி உங்கள் தேதிக்கு வருகிறேன், எனக்கு உண்மையில் கவலை தந்தது அதுதான். தாய்லாந்தில் மிகக் கொடிய வெயில் ஏப்ரலில்தான். சியாங் மாயில் அதோடு புகையும் சேரும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கில் வயல் தாள்களை எரிப்பதும் காட்டுத் தீயுமாக மலையே தெரியாத அளவுக்குப் புகை மண்டிக் கிடக்கும் நாட்கள் உண்டு. முகாம் நாள் தொடங்குவதே விடியற்காலை ஓட்டத்தோடு, பல இடங்களில் 8, 10 கிலோமீட்டர். அந்தக் காற்றில் ஓடுவதற்குப் படுத்துத் தூங்கலாம். போதாததற்கு 13 முதல் 15 வரை சொங்க்ரான், அவர்களுடைய புத்தாண்டு (சங்கராந்தி என்ற சொல்தான் அப்படி ஆகியிருக்கிறது). ஊரே தெருவில் தண்ணீர் ஊற்றி விளையாடும், பயிற்சியாளர்கள் சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், முகாம்கள் பலவும் சில நாள் மூடியிருக்கும். உங்கள் மூன்று வாரத்தில் இன்னும் என்ன மிச்சம்?

நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போங்கள். விடுப்பை மாற்றவே முடியாது என்றால் ஏப்ரலில் வடக்கை விட்டுவிட்டு தெற்கே கடல் பக்கம் பாருங்கள். சூடு அங்கேயும் உண்டு, அந்தப் புகை மட்டும் இருக்காது.

தினமும் இரண்டு வேளை என்ற திட்டத்தையும் கிழித்துப் போடுங்கள், முதல் வாரத்துக்காவது. அந்த அட்டவணை யாருக்காகப் போட்டது? எட்டு வயதில் முகாமுக்கு வந்து, அங்கேயே உண்டு உறங்கி, இருபது வயதுக்குள் நூறு சண்டை போட்டுவிடும் பையன்களுக்காக. அவர்கள் பயிற்சியைப் பார்க்கிற நாம் நடுவில் அவர்கள் செய்வதைப் பார்ப்பதில்லை. காலைப் பயிற்சி முடிந்து சாப்பிட்டதும் மூன்று மணி வரை அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு அருவி பார்க்கப் போவார்கள். நானும் போனேன்.

வெப்பமான இடங்களில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு ஒரு விதி சொல்வார்கள், முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், பிறகு ஒவ்வொரு நாளும் 20 சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம் என்று. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலை மட்டும். ஓட்டம் பாதி, ஸ்கிப்பிங், எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகும் ஷேடோ, இரண்டு ரவுண்டு பேட், போதும். கூச்சமாக இருக்கும். பக்கத்தில் யாரோ ஒருவர் ஐந்தாவது ரவுண்டு உதைத்துக்கொண்டிருப்பார், நீங்கள் கயிற்றில் சாய்ந்து நிற்பீர்கள். நிற்கலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். பயிற்சியாளரை அவர்கள் க்ரூ என்று அழைப்பது நம் குரு என்ற சொல்தான். ஆனால் நம் குருக்களைப் போல அவர்கள் அதட்டிக் கேட்பதில்லை, நீங்களாகவே 'இன்று போதும்' என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கலாம்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஏசி இல்லாத இடத்தில் பயிற்சி செய்ய ஆரம்பித்துவிட்டால் அங்கே போய்ச் சில நாள் மிச்சமாகும். ஜலதோஷத்துக்குப் போடும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைப்பவை. வேறு மருந்து ஏதாவது தொடர்ந்து சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் செய்தது இது: பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பேன். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் போவது அங்கே சாதாரணம். போனதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அடுத்த சில மணி நேரத்தில் பரவலாகக் குடிக்க வேண்டும், ஒரே மூச்சில் இல்லை. வெறும் தண்ணீரையே பயந்து பயந்து லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகும். ஓஆர்எஸ் பொட்டலம் கையில் வைத்திருங்கள். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சில பையன்கள் பிளாஸ்டிக் கோட்டு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பீர்கள். அது சண்டைக்கு முன் எடை குறைக்க. தயவுசெய்து அதைப் பார்த்து நீங்களும் வாங்கிவிடாதீர்கள்.

இப்போது சொல்லப்போவதை மட்டும் எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், புல்லரிப்பு, கால் தள்ளாட்டம் வந்தால் நிறுத்திவிட்டு நிழலில் போய்ப் படுக்க வேண்டும். பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், மயங்குகிறார் என்றால் அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே என்று நம்பி இருந்துவிடக் கூடாது, பயிற்சியில் வரும் வெப்பத்தாக்கில் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். 1669-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் ஆளை ஐஸ் தண்ணீரில் கழுத்து வரை அமிழ்த்த வேண்டும், தலையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். குளிர்விப்பது முதலில், ஆஸ்பத்திரி அடுத்து. இடம் வலம் தெரியாமல் உதைத்துக்கொண்டிருந்த நான் அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

சிறுநீர் கட்டங்காப்பி (பால் விடாத காப்பி) நிறத்தில் வந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருளாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. அப்புறம் அங்கே எல்லோரும் உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென் மாத்திரையைக் கடலை மாதிரி வாயில் போட்டுக்கொள்வார்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்கு ஆகாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் தாய்லாந்தில் டெங்கு உண்டு, டெங்குவில் இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், பயிற்சி கிடையாது.

சண்டை. வேண்டாம் என்பதே என் பதில். போட்டி என்றால் வழக்கமாக மூன்று நிமிடம் வீதம் ஐந்து ரவுண்டு, நடுவே இரண்டு நிமிட இடைவேளை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆசைப்பட்டுவிட்டால் எதிராளி பிடித்துத் தர ஆள் இருக்கும், அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு வருடக் கிக் பாக்ஸிங் உங்களுக்குக் கிளிஞ்சைச் சொல்லித் தந்திருக்காது. கழுத்தைப் பிடித்து முழங்காலால் இடிப்பதில்தான் அங்கே ஆட்டத்தின் பாதி உயிர் இருக்கிறது. அதற்குப் பதிலாக பாங்காக்கில் இரண்டு நாள் ஒதுக்கி, 1945-ல் திறந்த ராஜதம்னெர்ன் அரங்கில் ஒரு மாலை உட்காருங்கள். சண்டைக்கு முன் வீரர்கள் தலையில் மொங்கொன் என்ற வளையத்தை அணிந்துகொண்டு (மங்கலம் என்ற சொல்தான் அது) வாத்திய இசைக்கு மெல்ல ஆடும் வாய் க்ரூவை, அதாவது குரு வணக்கத்தைப் பாருங்கள். எத்தனை நிதானம்! எனக்கு அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கிழவர் சொன்ன ஜாய் யென் கொஞ்சம் பிடிபட்டது.

நீங்கள் கேட்காத ஒன்று: காப்பீடு. பல பயணக் காப்பீடுகளில் சண்டைப் பயிற்சி விலக்கு, சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். ஸ்கூட்டருக்கும் அப்படித்தான், இருசக்கர வண்டிக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் காசு வராது. நான் அங்கே இருந்தபோது கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களில் பாதிப் பேர் உதை வாங்கியவர்கள் இல்லை, சறுக்கி விழுந்தவர்கள்.

கையுறை அங்கேயே வாங்குங்கள். ட்வின்ஸ், ஃபேர்டெக்ஸ் எல்லாம் தாய்லாந்துத் தயாரிப்புகள்தான், சுமந்துகொண்டு போவதில் பொருளில்லை. பல்காப்பை மட்டும் பல் மருத்துவரிடம் அளவெடுத்துச் செய்துகொண்டு போங்கள். கைப்பட்டை நாலு ஜோடி வேண்டும், ஈரத்தோடு மறுநாள் சுற்றினால் படர்தாமரை நிச்சயம். இரவில் கையுறைக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள், காலையில் ஓரளவு காய்ந்திருக்கும்.

தேதியை மாற்ற முடிந்ததா என்று எழுதுங்கள். முகாமுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால், மாற்றும்வரை கட்ட வேண்டாம்.