ரையன் என்ற பெயரும் டிப்பரரி என்ற மாவட்டமும் மட்டும் தெரிந்தால் அயர்லாந்து முன்னோரைக் கண்டுபிடிக்க முடியுமா?

உங்கள் கணவர் வீட்டார் பொன்மலை ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவர்கள் முன்னோரில் ஒருவர் 1850களில் மதராஸ் படைக்கு வந்த அயர்லாந்துச் சிப்பாய், பெயர் ஜான் ரையன், மாவட்டம் டிப்பரரி, அதற்கு மேல் எதுவும் தெரியாது, டி.என்.ஏ. பரிசோதனை ஒன்றே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. ஆனால் தேடினால் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அயர்லாந்தில் லிமரிக் நகரத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் மாமியார் டிப்பரரி ரையன்களில் ஒருவர். அவருடைய அப்பா வழியைத் தேடி நானும் அவரும் மூன்று குளிர்காலம் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். முதல் குளிர்காலம் முழுக்க வீண். காரணம், நாங்கள் "ஜான் ரையன்" என்ற ஆளைத் தேடினோம். டிப்பரரியில் ஜான் ரையனைத் தேடுவது மதுரையில் அப்பா பெயர் தெரியாமல் ஒரு முருகனைத் தேடுவது மாதிரி. ஆளை விட்டுவிட்டு நிலத்தைப் பிடித்த பிறகுதான் எல்லாம் நகர ஆரம்பித்தது.

நிலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மற்ற காகிதங்கள் பெரும்பாலும் இல்லை. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகத்தோடு அநேகமாக முழுவதும் எரிந்து போயின. 1861, 1871 கணக்கெடுப்புகளை அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேடுகிறவருக்கு மிச்சம் இருப்பது கத்தோலிக்கக் கோயில் பதிவேடுகள், 1864-க்குப் பிறகான பிறப்பு இறப்புப் பதிவுகள், அப்புறம் வரி போடுவதற்காக நிலத்தை அளந்த புத்தகங்கள். அந்தப் புத்தகங்கள்தான் நம் சிட்டா, அடங்கல் மாதிரி.

இதில் பெரியது கிரிஃபித் மதிப்பீடு. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847-லிருந்து 1864 வரை நாடு முழுக்க எடுத்தது. இணையத்தில் இலவசமாக, வரைபடத்தோடு பார்க்கலாம். டவுன்லேண்ட் என்று ஒன்று உண்டு, நம் ஊர்க் குக்கிராமம் அளவில் இருக்கும் சிறிய நிலப்பிரிவு, நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் குடியிருப்பவர் பெயர், அவர் யாரிடம் குத்தகைக்கு வாங்கியிருக்கிறார், எத்தனை ஏக்கர், ரூட், பெர்ச் (ஏக்கருக்குக் கீழான பழைய நில அளவுகள்), வீட்டுக்கு என்ன மதிப்பு என்று வரிசையாக இருக்கும். வரிசையின் தொடக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும், 7ஏ, 7பி என்று. எண் வயலுக்கு, சின்ன எழுத்து வீட்டுக்கு. அதே எண் வரைபடத்திலும் இருக்கும், அதனால் எந்த வயலின் மூலையில் அந்த வீடு நின்றது என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

எங்களுக்குக் கிடைத்த டவுன்லேண்டில் (பெயரை எழுதவில்லை, அங்கே சொந்தக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்) ஒரே பக்கத்தில் மூன்று ஜான் ரையன்கள். ஆனால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருந்தது. ஜான் ரையன் (டாம்), ஜான் ரையன் (கூப்பர்), ஜான் ரையன் (பான்). அப்போது அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. ஏக்கரை மட்டும் குறித்துக்கொண்டு போய்விட்டோம்.

ஏன் இத்தனை ஜான்? நமக்கு இது எளிதாகப் புரியும். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. அங்கேயும் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் வைப்பது பல குடும்பங்களில் வழக்கம். ஒரு ஜானுக்கு நான்கு மகன்கள் என்றால், அந்த நான்கு வீட்டிலும் மூத்த பேரன் ஜான் ரையன், நான்கு பேரும் அக்கம் பக்கத்து வயலில். அவர்களைப் பிரித்துச் சொல்லத்தான் பட்டப்பெயர். டாம் என்றால் டாம் மகன் ஜான். கூப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவர் குடும்பம். பான் என்பது ஐரிஷ் மொழியில் வெள்ளை, வெளுத்த முடிக்காரர். ரூவா என்றால் செம்முடிக்காரர், அதை ஆங்கிலத்தில் ரோ என்று எழுதிவைத்திருப்பார்கள். முதல் ஆளின் முடி நிறம் மூன்று தலைமுறை தாண்டி, கறுத்த முடியோடு இருக்கிற கொள்ளுப்பேரன் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் டிப்பரரிக் காடுகளில் ஒளிந்து திரிந்த எட்மண்ட் ஓ'ரையனைக்கூட இன்றுவரை "குன்றத்து ஏமன்" என்றுதான் மக்கள் சொல்கிறார்கள்.

இரண்டாவது வருடம் வசந்த காலத்தில் மாமியாரை அழைத்துக்கொண்டு அந்த டவுன்லேண்டுக்கே போனோம். குறுகலான பாதை, இரண்டு பக்கமும் ஹாதார்ன் வேலி, பூ வைக்க ஆரம்பித்திருந்தது. ஒரு கேட் அருகே டிராக்டரை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் வந்தார். எண்பது வயது இருக்கும். மாமியார் "நான் ஒரு ரையன், எங்கள் தாத்தா வீடு இந்தப் பக்கம்தான்" என்றார். அவர் சிரிக்காமல், மிகவும் இயல்பாகக் கேட்டார்: "எந்த ரையன் நீங்கள்?"

மாமியார் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக, "பான்" என்றார். பாலைக் கொண்டு போய் ஊற்றுகிற கிரீமரியில் அவருடைய அப்பாவை ஜிம்மி பான் என்று கூப்பிடுவார்களாம். அந்தப் பெயர் அவர் அம்மாவுக்குப் பிடிக்காது, மரியாதைக் குறைவு என்று வீட்டுக்குள் யாரையும் சொல்லவிடவில்லை. அறுபது வருடத்துக்கு மேல் அந்தச் சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. பெரியவர் உடனே கையை நீட்டி, "பான் வீடு அதோ, அந்த மரத்துக்குக் கீழே" என்றார். செந்தட்டிச் செடி மூடிய ஒரு சுவர், இடுப்பு உயரம்கூட இல்லை. வரைபடத்தில் ஜான் ரையன் (பான்) வீட்டுக்கான 7ஏ நிற்கிற அதே மூலை. மாமியார் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றதை நான் மறக்கமாட்டேன்.

அங்கிருந்து கீழ்நோக்கி வருவதற்கு உதவியது திருத்தப் புத்தகங்கள். கிரிஃபித் மதிப்பீட்டுக்குப் பிறகு குத்தகைக்காரர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, மேலே புதிய பெயரை எழுதி, ஓரத்தில் வருடத்தைப் போடுவார்கள். திருத்தத்துக்குத் திருத்தம் மையின் நிறம் வேறு. சிவப்பு, நீலம், பச்சை என்று ஒரு பக்கத்திலேயே ஒரு குடும்பத்தின் ஐம்பது வருடம் கிடக்கும். "ஜான் பான்" அடிக்கப்பட்டு "மைக்கேல்" என்று வந்திருந்தால், ஜான் அதற்கு முந்தைய சில வருடங்களில் இறந்திருக்கலாம், அல்லது மகனுக்குக் கல்யாணம் செய்து நிலத்தைக் கொடுத்திருக்கலாம். அந்த வருடங்களை மட்டும் இறப்புப் பதிவில் பாருங்கள், தேடல் பாதியாகக் குறையும். பிற்பாடு நிலச் சட்டங்களின்படி குடும்பம் நிலத்தையே விலைக்கு வாங்கியிருந்தால் அந்த வரிசையில் எல்.ஏ.பி. என்று ஒரு முத்திரை குத்தியிருக்கும்.

பெயர்களில் இன்னொரு சிக்கல். பிரிஜெட்டும் டீலியாவும் ஒரே பெண்ணாக இருக்கலாம். ஹனோரா என்றால் நோரா. வீட்டில் டைக் என்று கூப்பிட்டவர் காகிதத்தில் திமத்தி. கோயில் பதிவேடு லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் ஜேக்கபஸ் ஆகிவிடுவார். ரையன் என்பதே ஓ மயில்ரியன் என்ற ஐரிஷ் பெயரின் சுருக்கம், அதனால் பழைய காகிதங்களில் மல்ரையன் என்றும் தேடிப் பாருங்கள். வயதையும் நம்பாதீர்கள். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தர ஆரம்பித்ததும், 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடையிலான பத்து வருடத்தில் பலருக்குப் பதினைந்து வயது கூடியிருக்கிறது.

சரி, டி.என்.ஏ. மாமியார் எச்சில் கொடுத்து அனுப்பினார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் ஒரு பெண்ணோடு 71 சென்டிமார்கன் (பொதுவான டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) பொருந்தியது. மூன்றாம் நிலை கசின்களுக்கு, அதாவது கொள்ளுத்தாத்தாவின் அப்பா அம்மா பொதுவாக இருப்பவர்களுக்கு, சராசரி இந்த அளவுதான். ஆனால் அதே 71 வேறு பல உறவுமுறைக்கும் பொருந்தும், அதுவும் ஒரே பாரிஷுக்குள், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட பங்குக்குள், தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்தவர்களுக்கு. எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணிடம் ஒரு ஜெபப் புத்தகம் இருந்தது, முதல் பக்கத்தில் "பேட்ரிக் ரையன், பான், டிப்பரரி" என்று பென்சிலில் எழுதியிருந்தது. பான் என்பதை ஊர் பெயர் என்று நினைத்து அவர்கள் குடும்பம் இருபது வருடம் வரைபடத்தில் தேடியிருக்கிறது. எங்களிடம் ஜான் பானுக்கு பேட்ரிக் என்ற மகன் பிறந்த ஞானஸ்நானப் பதிவு இருந்தது, அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்தபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் விடை கிடைத்தது.

உங்கள் கணவர் விஷயத்தில் தலைமுறை இன்னும் தள்ளிப் போகிறது. நான்காம் நிலை கசின்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் பரிசோதனையில் பொருத்தமே தெரியும். அதனால் கணவருக்குச் செய்வதைவிட, குடும்பத்தில் இருக்கிற மிக வயதான அத்தையோ தாத்தாவோ சம்மதித்தால் அவர்களுக்கு முதலில் செய்யுங்கள். என்ன வெளிவரலாம் என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், மறைத்துவைத்த பிறப்புகளும் வெளியே வரும். ரையன் என்ற பெயர் அறாமல் வந்திருந்தால் ஓர் ஆணுக்கு ஒய் குரோமோசோம் பரிசோதனையும் உதவும், அது பெயரைப் போலவே அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. "இத்தனை சதவீதம் அயர்லாந்து" என்று வருகிற பக்கத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம், அது உங்களை எந்த ஊருக்கும் கொண்டு போகாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் உங்களுக்கு வேண்டியது அந்தச் சிப்பாயின் பாரிஷ். பிரிட்டிஷ் படையில் ஓய்வூதியத்தோடு விலகியவர்களின் காகிதம் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, பிறந்த பாரிஷையும் பக்கத்து நகரத்தையும் அதில் எழுதியிருப்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்திய அலுவலக ஆவணங்களில் தேட வேண்டும், மதராஸ் ஞானஸ்நான, கல்யாணப் பதிவுகளும் அங்கேதான். அவர் கிளம்பிய காலத்தையொட்டி அந்த ஊரில் நிலம் யார் கையில் இருந்தது என்பதுதான் கிரிஃபித்தில் தெரியும். அவருடைய பெயர் அநேகமாக இருக்காது, அப்பாவோ அண்ணனோ இருக்கலாம்.

கணவர் வீட்டில் பழைய பைபிளோ ஜெபப் புத்தகமோ இருந்தால் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் இந்த வாரமே போட்டோ எடுத்து வையுங்கள். ரையனுக்குப் பின்னால் புரியாத சொல் ஏதாவது இருந்தால் எழுத்துப்பிழை என்று விட்டுவிடாதீர்கள்.