விண்மீன்களுக்கு இடையே நடக்கும் போரை வைத்து எழுதிய சிறுகதைத் தொகுப்புகளை வளர்ந்தவர்கள் படிப்பது சின்னப்பிள்ளைத்தனமா?

கேள்விக்குக் கீழே "எங்கள் வீட்டில் ஒருவர் நாற்பது தாண்டியும் இதைத்தான் படிக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒருவர் உங்கள் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி வரச் சொன்னால் "இந்தப் பக்கம் முடியட்டும்" என்கிறார், உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். "இதெல்லாம் இலக்கியமா?" என்று கேட்க இங்கே நாலு பேர் தயாராக இருப்பீர்கள் என்று தெரியும். இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் கிடையாது.

1994. நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் பல்க் கேரியர் கப்பல் ஒன்றில் ஃபோர்த் எஞ்சினியர். அந்தப் பதவி எப்படிப்பட்டது என்றால், ப்யூரிஃபையரும் நீங்களும்தான். எண்ணெயைச் சுத்தம் செய்யும் அந்த மெஷினைப் பிரித்துக் கழுவி மாட்டுவதிலேயே ஆயுள் கழியும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வாட்ச், அதாவது எஞ்சின் ரூமில் முறைவேலை. மற்ற நேரத்தில் மெஸ்ரூம் என்கிற சாப்பாட்டு அறை. அங்கே ஒரு புத்தக அலமாரி இருந்தது. இறங்கிப் போனவர்கள் விட்டுப் போனவை: கௌபாய் கதைகள், போலிஷ் மொழியில் ஒரு சமையல் புத்தகம், இரண்டு பைபிள். அதற்குள்தான் 'தி மேன்-க்ஸின் வார்ஸ்' முதல் தொகுதி கிடந்தது. 1988இல் அமெரிக்காவில் பேன் புக்ஸ் என்ற பதிப்பகம் போட்டது.

க்ஸின் என்பவை எட்டடி உயரத்தில் நிமிர்ந்து நடக்கும், ஆரஞ்சு நிறத்தில் கிட்டத்தட்டப் புலி மாதிரி இருக்கும் ஓர் இனம். வேற்று நட்சத்திரத்துக்காரர்கள். அவர்களுக்கும் மனிதர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் போர். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் லாரி நிவன் 1966இல் 'இஃப்' பத்திரிகையில் எழுதிய 'தி வாரியர்ஸ்' என்ற கதையில்தான் அவை முதலில் வந்தன. அதற்கப்புறம் வேறு கதைகளில் அந்தப் போர்கள் முடிந்துபோன சங்கதியாக அங்கங்கே தலைகாட்டும், அவ்வளவுதான். போரை அவர் நேராக எழுதவே இல்லை. எனக்குப் போர் அனுபவம் இல்லை, எழுத வராது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்த உலகத்தைப் பிற எழுத்தாளர்களுக்குத் திறந்துவிட்டார். வந்தவர்களில் ஜெர்ரி பூர்னெல் கொரியப் போருக்குப் போனவர், டீன் இங் அமெரிக்க விமானப் படையில் இருந்தவர், பால் ஆண்டர்சன் இயற்பியல் படித்தவர். தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் கொடுப்பது எஞ்சின் ரூமில் சாதாரணம். எழுத்தாளர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அந்த முதல் கதையில் ஒரு மனிதக் கப்பல் வருகிறது. பெயர் ஏஞ்சல்ஸ் பென்சில். சண்டை என்ற எண்ணமே மறந்துபோன மனிதர்கள் அதில் இருக்கிறார்கள். க்ஸின் கப்பலில் மனதைப் படிக்கிற ஒரு க்ஸின் இருக்கிறது. இவர்களிடம் ஆயுதமே கிடையாது என்று படித்துச் சொல்கிறது. அது பொய்யே இல்லை. அவர்கள் மனதில் ஆயுதம் இல்லை, கப்பலின் பின்பக்கம்தான் இருந்தது. வெளிச்சத்தைப் பின்னால் தள்ளி முன்னால் போகிற கப்பல் அது. திரும்பி நின்று அந்த வெளிச்சத்தை எதிரி மேல் காட்டினார்கள், எதிரிக் கப்பல் இரண்டு துண்டு. எஞ்சின் எவ்வளவு நல்ல எஞ்சினோ அவ்வளவு நல்ல ஆயுதம் என்பதுதான் இதில் க்ஸின்கள் கற்ற பாடம்.

மெஸ்ரூமில் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். வெளிச்சத்தை மட்டும் வைத்து ஒரு நியூட்டன் தள்ளுவிசை வேண்டுமானால் 300 மெகாவாட் செலவாகும். ஒரு நியூட்டன் என்றால் நூறு கிராம் வேர்க்கடலைப் பொட்டலத்தைக் கையில் ஏந்தி நிற்கிற விசை. எங்கள் மெயின் எஞ்சின் 12,000 குதிரைத்திறன், சுமார் 9 மெகாவாட். மூன்று மாடி உயர எஞ்சின், அது மாதிரி முப்பத்து மூன்று சேர்ந்து ஓடினால் ஒரு கடலைப் பொட்டலத்தைத் தூக்கலாம். அப்படியென்றால் ஒரு கப்பலையே தள்ளுகிற வெளிச்சம் எப்படி இருக்கும்? அதற்கு முன்னால் போய் நிற்க முடியுமா? சின்னப்பிள்ளைத்தனம் என்கிறீர்கள். சரி, இந்தக் கணக்கை எந்தச் சின்னப்பிள்ளை போடும்?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட்ஸ் பே என்று ஒரு துறைமுகம், நிலக்கரிக்குப் பேர்போனது. அங்கே லோடு ஏற்றும்போது ஏஜெண்ட் தபால் கட்டைக் கொண்டுவந்தார். எனக்கு ஒரே ஒரு கடிதம். அத்தான் எழுதியது. அக்கா வீட்டுக்காரர். நிலம், மழை, சம்பளத்தை எந்த பாங்கில் போடுவது என்ற அறிவுரை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு வரி: "மாமா இப்போது ஊன்றுகோல் இல்லாமலே நடக்கிறார், நீங்கள் கவலைப்பட வேண்டாம்."

எனக்குக் கவலையே அப்போதுதான் வந்தது. அப்பா எதற்கு ஊன்றுகோல் வைத்திருந்தார்?

கப்பல் அன்று ராத்திரியே கிளம்பிவிட்டது. அடுத்தது ராட்டர்டாம், இருபத்தைந்து நாள். "போன் பண்ண வேண்டியதுதானே?" என்பீர்கள். பண்ணினேன். ரேடியோ ஆபீசரைக் கெஞ்சி சாட்டிலைட் போன். எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது, தெருமுனை மளிகைக் கடை நம்பர்தான். அண்ணாச்சி எடுத்தார். "எல்லாரும் சௌரியமா இருக்காவ தம்பி, ஒங்கப்பா நேத்துகூட வெத்தல வாங்க வந்தாவளே" என்றார். லைன் அறுந்துவிட்டது. அந்த ஒன்றரை நிமிடத்துக்கு என் கணக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

அந்த இருபத்தைந்து நாளில்தான் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். அதில் வரும் வுண்டர்லாண்ட் என்ற மனிதக் குடியேற்றம் ஆல்ஃபா சென்டாரியில் இருக்கிறது. அந்த நட்சத்திரம் நிஜமாகவே நம்மிடமிருந்து 4.3 ஒளியாண்டுக்குச் சற்று மேல். அங்கே க்ஸின்கள் வந்து இறங்கினால் பூமிக்குச் செய்தி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். நீங்கள் அழுகிற நேரத்தில் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். சிரிக்கிற நேரத்தில் அடுத்தது தொடங்கியிருக்கும். முன்பு இதைப் படித்திருந்தால் கற்பனை என்று தாண்டிப் போயிருப்பேன். அப்போது சட்டைப் பையில் அத்தானின் கடிதம் இருந்தது.

ராட்டர்டாமில் மற்ற மூன்று கடிதங்களும் வந்தன. முந்தைய துறைமுகத்துக்குப் போய், கப்பலைத் தவறவிட்டு, ஏஜெண்டுக்கு ஏஜெண்ட் கைமாறி வந்தவை. தேதிப்படி பார்த்தால் மூன்றுமே அத்தான் கடிதத்துக்கு முந்தியவை.

அம்மா எழுதியது: அப்பாவுக்குக் காலில் லேசான சுளுக்கு, எண்ணெய் போட்டு நீவிவிட்டோம். அக்கா எழுதியது: அப்பா இந்த வயசில் முருங்கை மரத்தில் ஏறி, கிளை முறிந்து விழுந்து, கணுக்கால் எலும்பு விட்டுப்போய், மாவுக்கட்டு, அம்மா உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அப்பா எழுதியது ஒரே ஒரு தாள். முழுக்கக் கிணற்று மோட்டாருக்கு காயில் கட்டிய கதை. ஓரத்தில் மட்டும் "கால் பரவாயில்லை" என்று இரண்டு வார்த்தை, எந்தக் கால், ஏன் பரவாயில்லை என்று கிடையாது.

கேபினில் நாலையும் பரப்பி வைத்துப் பார்த்தேன். நடந்தது ஒன்று, எழுதியவர்கள் நாலு பேர். ஒருவர் மறைக்கிறார், ஒருவர் போட்டுக்கொடுக்கிறார், ஒருவர் முடிந்த பின் கணக்கு முடிக்கிறார், அடிபட்டவருக்கோ அதைவிட மோட்டார்தான் முக்கியம். இதில் எந்த ஒன்றை மட்டும் படித்திருந்தாலும் எனக்கு எங்கள் வீடு புரிந்திருக்காது.

தொகுப்பு என்ற வடிவத்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்தது அங்கேதான். விடுமுறையில் வந்து மற்ற தொகுதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். முதல் தொகுதியில் ஆண்டர்சன் எழுதிய 'அயர்ன்' பெயருக்குச் சமாதானம் இருக்கும் காலத்தில் நடக்கிறது. டீன் இங் எழுதிய 'கேட்ஹவுஸ்' சிறைப்பட்ட ஓர் ஆளின் கதை. அவன் விலங்குகளின் நடத்தையை ஆராய்கிறவன், போர்வீரனே இல்லை. 1989இல் வந்த இரண்டாம் தொகுதியில் பூர்னெலும் எஸ். எம். ஸ்டெர்லிங்கும் சேர்ந்து, பிடிபட்ட வுண்டர்லாண்டில் ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று எழுதினார்கள். எதிரிக்குக் கைகட்டி வேலை பார்த்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் அதில் வருகிறார்கள். அவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒன்றே ஒன்றைப் படிக்கச் சொன்னால் 1991இல் வந்த நாலாம் தொகுதியில் டொனால்ட் கிங்ஸ்பரி எழுதிய 'தி சர்வைவர்' என்பேன். குறுநாவலுக்கும் மேலே நீளம்தான், பரவாயில்லை. க்ஸின்களில் பெயர் என்பது சம்பாதிப்பது. அதுவரை செய்கிற வேலைதான் பெயர். வீரம் காட்டாதவனுக்குப் பெயரே கிடையாது. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு குட்டி பயந்தாங்கொள்ளியாகப் பிறக்கிறது. மற்றதெல்லாம் சேர்ந்து அதற்குப் 'புல்தின்னி' என்று பெயர் வைக்கின்றன. அது எப்படியோ தப்பிப் பிழைக்கிறது, பிழைத்த பிறகு செய்கிற காரியங்கள் பயங்கரமானவை. எதிரியின் பக்கம், அதிலும் எதிரிகளே துப்பிய ஒருவனின் பக்கம். படிக்கும்போது பாவமாகவும் இருக்கும், அருவருப்பாகவும் இருக்கும். நான் முதல் கப்பலில் ஏறியபோது சீனியர்கள் எனக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது, ஆனால் புல்தின்னிக்குப் பக்கத்து வீடு.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. க்ஸின் பெண்களுக்குப் புத்தியே கிடையாது என்று நிவன் ஆரம்பத்திலேயே வைத்துவிட்டார், இன்று படித்தால் நெருடும். டீன் இங் பழங்காலத்து க்ஸின் பெண்களை அறிவாளிகளாகக் கொண்டுவந்து கொஞ்சம் ஈடுகட்டினார். பின்னால் வந்த தொகுதிகளில் சரக்குக் குறைவு. சில கதைகளில் சுடுவதைத் தவிர வேறொன்றும் இல்லை, அவற்றைப் பாதியில் மூடினேன். போரை ரசிக்கிறாயா என்று கேட்டால், எஞ்சினை ரசிக்கிறேன். அது போதாதா?

இதில் சம்பந்தமில்லாத ஒரு விஷயம், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில வருஷம் கழித்து வேறொரு கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். கரையிலிருந்து வந்த ஒரு சூப்பரின்டென்டெண்ட் மெஸ்ரூம் அலமாரியைப் பார்த்து, "தூசி அடைகிறது, யாரும் படிப்பதில்லை" என்று காலி பண்ணச் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் ஒரு கரோக்கி மெஷின் வந்தது. கேபின் எனக்கு அதற்கு நேர் மேலே. ராத்திரி பன்னிரண்டுக்கு வாட்ச் முடிந்து வந்து படுத்தால் கீழே போசன் (டெக் ஆட்களுக்குத் தலைவர்) பாடும் காதல் தோல்விப் பாட்டு. புத்தகங்களைத் துறைமுகத்தில் குப்பை வண்டிக்குக் கொடுத்தார்கள், அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதே கம்பெனி என் லீவு சம்பளத்தில் இருபத்திரண்டு நாளை விழுங்கியது. கேட்டால் "மெயில் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். நட்சத்திரத்துக்குப் போட்டிருந்தால்கூட இதற்குள் பதில் வந்திருக்கும்.

சரி, உங்கள் வீட்டுக்காரருக்கு வருகிறேன். அவர் கையில் இருப்பது எந்தத் தொகுப்பு என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடும்போது "இன்றைக்கு எந்தப் பக்கத்து ஆள் கதை சொல்கிறான்?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் பேசுவார், தாங்கிக்கொள்ளுங்கள். மீனை ஏழு மணிக்குள் வாங்கிவிடுவது மட்டும் உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் நல்லது கிடைக்காது.

எங்கள் வீட்டில் அப்படிக் கேட்டவர் யாருமில்லை. லீவில் வரும்போதெல்லாம் அத்தான் வாசலில் நின்று, "என்ன மாப்ளே, இன்னும் புலிக்கதைதானா?" என்பார். நானும் சிரித்து வைப்பேன். கப்பலிலிருந்து எடுத்துவந்த அந்த முதல் தொகுதியை (ஆமாம், எடுத்துவந்தேன், திட்டுங்கள்) 1998இல் அவர் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது இல்லை. வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்ட காகிதமும் அதற்குள்தான் மடித்து இருந்தது. "எலி அரித்துவிட்டது" என்றார் அத்தான்.

அவர் இந்தக் கேள்வி பதில் பக்கமெல்லாம் வருவதில்லை. அக்கா வருவாள். அக்கா, எலி இல்லை, பழைய பேப்பர்காரன்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். எடைக்கு எவ்வளவு கொடுத்தான் என்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்.