மானாவாரிச் செம்மண் காட்டில் உளிக்கலப்பை ஓட்டினால் பலன் உண்டா?

உண்டு, அடியில் நிஜமாகவே இறுக்கம் இருந்தால். உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாது, ஆழமாகப் பிளந்து அடியில் இறுகிய அடுக்கை உடைக்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது, பத்து நாள் வெயில் அடித்தாலே கடலை வாடுகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். இறுக்கம்தான் என்று எனக்கும் படுகிறது. ஆனாலும் டிராக்டரைக் கூப்பிடும் முன் சோதித்துவிடுங்கள், காசு மிச்சம்.

எங்களுடையதும் திண்டுக்கல் பக்கம் செவக்காடுதான். நாங்கள் பார்க்கும் முறை இது: நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, முனை கூரான கம்பியைக் காட்டுக்குள் அழுத்துங்கள். இறுக்கம் இருந்தால் ஒரு சாண் வரை சுலபமாக இறங்கி முட்டி நிற்கும். பலம் கொடுத்தால் அந்த அடுக்கைத் தாண்டியதும் பொசுக்கென்று இறங்கும். அதே கம்பியை உழவே படாத வேலியோரத்தில் இறக்கிப் பாருங்கள். அங்கே முட்டவில்லை என்றால் உங்கள் இறுக்கம் கலப்பையும் டயரும் செய்தது. அப்புறம் ஒரு துவரைச் செடியைச் சுற்றித் தோண்டி எடுங்கள், பிடுங்க வேண்டாம். ஆணிவேர் ஒரு சாணில் மடங்கிப் பக்கவாட்டில் படுத்து ஓடியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இந்த இறுக்கத்துக்கு, வருஷா வருஷம் ஒன்பது கொத்தும் (டிராக்டரில் மாட்டும் ஒன்பது கொழுக் கலப்பை) ரோட்டவேட்டரும் (சுழல் கலப்பை) ஒரே ஆழத்தில் ஓடுவது ஒரு காரணம். செம்மண்ணில் இயற்கையாகவும் களித்துகள்கள் கீழே இறங்கித் தங்கி, இரும்பு ஆக்சைடு அதைப் பிணைத்துக் கெட்டியாக்கிவிடும். குழியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் பாறை (சுண்ணாம்புப் பாறை) தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். கலப்பையின் கொழுமுனைதான் உடையும், பாறை அசையாது.

கரிசல் காட்டுக்காரர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம். கோடையில் பாளம் பாளமாக வெடித்து அந்த மண் தன்னைத்தானே பாதி உழுதுகொள்கிறது.

இனி ஈரப்பதம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஈரமாக இருக்கும்போது ஓட்டினால் கொழு மண்ணை நொறுக்காது, கத்தி போட்ட மாதிரி கீறிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் பளபளவென்று சுவர் நிற்கும், அடுத்த மழையில் மூடிக்கொள்ளும். செலவு அத்தனையும் வீண். முற்றிலும் காய்ந்த அக்னி நட்சத்திரத்தில் கொழுவே இறங்காது, இறங்கினாலும் பாறை பாறையாகக் கட்டி பெயரும். கோடை மழை பெய்து மேல்மண் காய்ந்தபின், இறுகிய ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். திரியாக நீண்டால் பொறுங்கள். திரி வராமல் உதிர்ந்தால் அன்றைக்கே ஓட்டலாம்.

ஒற்றைக் கொழு உளிக்கலப்பைக்கு 35 முதல் 45 குதிரைத்திறன் டிராக்டர் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்வது 50 செ.மீ. இடைவெளியில் நெடுக்கும் குறுக்கும். ஆழத்தைப் பொறுத்தவரை, இறுகிய அடுக்குக்குக் கீழே நாலு விரல் போனால் போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு மேல் போவது டீசலுக்குக் கேடு. சரிவான நிலமாக இருந்தால் கடைசிச் சால் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும். சரிவோடு விட்டால் அதுவே ஓடையாகிவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையில் மணிக்கணக்கில் வாடகைக்கு டிராக்டர் உண்டு. உளிக்கலப்பை அந்த வட்டாரத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள், எல்லோரும் ஒரே வாரத்தில்தான் கேட்பார்கள்.

பிளந்ததோடு விட்டால் மண் மறுபடி படியும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ போடச் சொல்கிறார்கள். மானாவாரிக்காரனிடம் அவ்வளவு எரு ஏது? நாங்கள் காட்டில் செம்மறி ஆடுகளை இரவில் அடைத்து, அதாவது கிடை போட்டுச் சமாளிக்கிறோம். முதல் போகம் துவரை, ஆமணக்கு மாதிரி ஆழமாக வேர்விடும் பயிராக வையுங்கள், திறந்த வழியில் வேர் இறங்கிவிடும். இளகிய மண்ணில் முதல் தடவை ஏறும் டயர்தான் அதிகம் அமுக்கும். அதனால் எரு வண்டியோ அறுப்பு வண்டியோ எது வந்தாலும் ஒரே தடத்தில் போகச் சொல்லுங்கள். இதெல்லாம் செய்தாலும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஓட்ட வேண்டிவரும்.

மகசூல் எவ்வளவு கூடும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மழை தாராளமாகப் பெய்த வருஷம் பெரிய வித்தியாசம் தெரியாது. நடுவில் மழை இழுத்தடிக்கும் வருஷத்தில்தான் தெரியும். ஓரத்தில் பத்தடி அகலத்துக்கு உளி போடாமல் விட்டு வையுங்கள், எந்தப் பக்கம் முதலில் இலை சுருளுகிறது என்று பார்த்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.