வெந்நீர் சுமந்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பிரிட்டனில், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மனைவி, பிள்ளைகளோடு பிளேனாவனில் இருக்கும் பிக் பிட் நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தோம். வழிகாட்டி ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. அவருடைய தாத்தா கரி படிந்த உடம்போடு வீட்டுக்கு வந்து, கணப்பின் முன்னால் தகரத் தொட்டியில் குளிப்பாராம். பாட்டி முதுகு தேய்த்துவிட, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்களாம். வறுமையிலும் எவ்வளவு அன்பான வீடுகள்! நாம்தான் அதையெல்லாம் தொலைத்துவிட்டோமோ? இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? நிலக்கரி பூமிக்குக் கேடு என்று பள்ளியில் படித்துவிட்டு வந்து அவர்கள் குழம்புகிறார்கள்.

எஸ்.

அன்புள்ள தம்பி,

பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனீர்களே, அதுவே பெரிய விஷயம். நிலக்கரி கேடா என்ற கேள்வி இப்போது வேண்டாம். அதை வெட்டியவர்கள் வயிற்றுக்காக வெட்டினார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தத் தொட்டியைப் பற்றிப் பேச வேண்டும். கொஞ்ச நாளாகவே மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மனசு நெகிழ்ந்ததெல்லாம் சரி. அந்தத் தொட்டிக்கு வெந்நீர் எங்கிருந்து வந்தது என்று ஏன் நீங்கள் கேட்கவில்லை?

வேல்ஸின் சுரங்கப் பகுதியான ரோண்டா பள்ளத்தாக்கில் அந்தக் காலத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கணவன், சம்பாதிக்கும் இரண்டு பிள்ளைகள், வாடகைக்குத் தங்கியிருக்கும் ஒரு ஆள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஷிப்டு. ஒருவர் கிளம்பும்போது இன்னொருவர் வருவார். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டு மனைவி பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஏற்றிக் கொதிக்கவைத்து, இறக்கி, தொட்டியில் ஊற்ற வேண்டும். குளித்த பிறகு அந்தக் கறுத்த தண்ணீரை வெளியே கொட்ட வேண்டும். வியர்வையும் கரித்தூளும் ஊறிய உடைகளைத் தட்டி, நெருப்பின் முன்னால் காயப்போட்டு, அடுத்த ஷிப்டுக்குத் தயாராக வைக்க வேண்டும். தரையெல்லாம் கரி. வீட்டுக்குத் தரும் நிலக்கரியை வாசலில் குவித்துவிட்டுப் போவார்கள். பல வீடுகளில் அதை உள்ளே அள்ளியதும் அவள்தான். இதற்கு நடுவில் கர்ப்பம், பிரசவம், கைக்குழந்தை. அவள் எப்போது தூங்கினாள்?

சுரங்கத்தின் ஒரு ஷிப்டு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கூலியில்லாமல் நடந்துகொண்டிருந்தது, தம்பி. முதலாளி வெட்டுகிறவருக்கு மட்டும் சம்பளம் கொடுத்தார். மறுநாள் அவரை வேலைக்கு லாயக்காகத் திருப்பி அனுப்பியவளின் உழைப்பு இனாமாகப் போய்ச் சேர்ந்தது.

என் அப்பா விழுப்புரம் லோகோ ஷெட்டில் நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன். கூட்ஸ் வண்டி முடிந்து நடுராத்திரியில் வருவார். அம்மா விறகடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போடுவாள். அவர் சட்டையைத் தனியாக ஊறவைத்துக் கல்லில் அடித்துத் துவைப்பாள். மற்ற துணிகளோடு சேர்த்தால் எல்லாம் கறுத்துப்போகும். அப்பா பாசமானவர், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் தெருவில் எல்லோரும் "உங்கப்பா எவ்வளவு கஷ்டப்படறார்" என்றுதான் என்னிடம் சொன்னார்கள். அம்மாவின் இடுப்பு வலியைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை, நான் உட்பட. அன்பு இருந்தது என்பதால் அந்த வேலை லேசாகிவிடவில்லை.

1919இல் பிரிட்டனின் நிலக்கரித் தொழிலை விசாரிக்க அரசு சாங்கி கமிஷன் என்ற குழுவை அமைத்தது. அதன் முன்னால் மூன்று பெண்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் ரோண்டாவில் வாழ்ந்த எலிசபெத் ஆண்ட்ரூஸ், சுரங்கத் தொழிலாளியின் மகள். பெரிய பாத்திரங்களையும் தொட்டிகளையும் தூக்கித் தூக்கியே பெண்களுக்குக் குறைப்பிரசவமும் உடல்கோளாறுகளும் வருகின்றன என்று ஒரு மருத்துவச்சியின் அனுபவத்தை அங்கே எடுத்துச் சொன்னார். கொதிநீரில் விழுந்து குழந்தைகள் செத்த வீடுகளும் உண்டு. அவர் கேட்டது ஒன்றுதான்: சுரங்க வாசலிலேயே குளியலறை கட்டுங்கள்.

அதற்குச் சட்டம் 1911லேயே வந்துவிட்டது. ஆனால் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும் என்று வாக்களித்து, பராமரிப்புச் செலவில் பாதியையும் ஏற்க வேண்டும். பல இடங்களில் ஆண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் முன்னால் அம்மணமாக நிற்கக் கூச்சம், குளித்துவிட்டுக் குளிரில் நடந்தால் நெஞ்சில் சளி கட்டும் என்ற பயம், முதுகைக் கழுவினால் பலம் போய்விடும் என்ற நம்பிக்கை. கூலியில் பிடிப்பார்களே என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் சீட்டுப் போட்டவர்கள் சுரங்கத்தில் இறங்கிய ஆண்கள் மட்டுமே. தண்ணீர் சுமந்தவளுக்கு ஓட்டு இல்லை. அந்த ஆண்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சங்கம் கட்டினார்கள், வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்தார்கள், சல்லி சல்லியாகச் சேர்த்து நூலகம் வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கும் சொந்தக் கணப்பின் முன்னால் நடந்தது உழைப்பாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

வேல்ஸில் முதல் குளியலறை 1916இல் ட்ரீஹாரிஸில் வந்தது. 1926இல் நிலக்கரி ராயல்டியின் மேல், அதாவது நிலத்துக்காரர்களுக்குப் போகும் பங்கின் மேல், வரி போட்டுப் பணம் ஒதுக்கிய பிறகுதான் பரவலாகக் கட்டினார்கள். நீங்கள் போன பிக் பிட்டுக்கு 1939இல்தான் கிடைத்தது. உள்ளே வரிசையாக லாக்கர்கள் நின்றனவே, அதுதான் அந்தக் கட்டடம். பிள்ளைகளை அங்கே நிறுத்தி, சட்டம் வந்து இதைக் கட்டுவதற்குள் 28 வருடம் ஓடிவிட்டது, அத்தனை வருடமும் வீட்டில் யார் தண்ணீர் தூக்கினார்கள் என்று கேளுங்கள். அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அடுத்த முறை அந்த வழிகாட்டியிடம் அவருடைய பாட்டியைப் பற்றியும் கேளுங்கள். எலிசபெத் ஆண்ட்ரூஸ் 1957இல் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். கார்டிஃப் நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் முதலில் நீங்கள் படியுங்கள், பிள்ளைகளுக்கு அப்புறம் சொல்லலாம்.

அன்புடன்,
அக்கா